லோசார்டான்: டகேடா கீழே வைத்ததை டூபாண்ட் எடுத்த கதை



இந்த முறை கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் சரித்திரம். வேதியியல் என்றதும் ஓடிவிட வேண்டாம், சமன்பாடு ஒன்றுகூட எழுதப் போவதில்லை. கட்டுரை நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பி.பி. மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவராவது இல்லாத வீடு இப்போது அபூர்வம். அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் ‘சார்டான்’ என்று முடிய நல்ல வாய்ப்பு உண்டு. லோசார்டான், வால்சார்டான், டெல்மிசார்டான், ஒல்மெசார்டான், கேண்டெசார்டான்... பெரிய குடும்பம். இதில் மூத்த பிள்ளை லோசார்டான். 1995 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் ‘டூபாண்ட்’ என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். என் கட்சி வேறு. அந்த மூலக்கூறில் பாதிக்கு மேல் ஜப்பானில், டகேடா என்ற கம்பெனியில் உருவானது. கணக்கோடு காட்டுகிறேன். அதற்கு முன் சிறுநீரகம் வரை ஒரு நடை போய் வந்துவிடுவோம்.

ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? 1898-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மான் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து சாறு எடுத்து இன்னொரு முயலுக்கு ஊசி போட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்துக் கட்டுரையும் வெளியிட்டார்கள். யாரும் சீண்டவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. 1934-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு கிளிப்பை மாட்டி லேசாக இறுக்கினார். நாய்க்கு பி.பி. ஏறி, ஏறியபடியே நின்றது. அப்போதுதான் எல்லாருக்கும் ரெனின் ஞாபகம் வந்தது.

1940 வாக்கில் இரண்டு குழுக்கள், ஒன்று அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில், இன்னொன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன. ரெனின் தானாக எதையும் ஏற்றுவதில்லை. அது ஒரு கத்தரிக்கோல். ரத்தத்தில் ஓடும் ஒரு புரதத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது, அந்தத் துண்டுதான் வில்லன். அர்ஜென்டினாக்காரர்கள் அதை ‘ஹைப்பர்டென்சின்’ என்றார்கள், அமெரிக்கர்கள் ‘ஆஞ்சியோடோனின்’ என்றார்கள். பதினெட்டு வருடம் இரண்டு பெயரிலும் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. கடைசியில் 1958-ல் பிரவுன்-மெனண்டஸும் இர்வின் பேஜும் பஞ்சாயத்து பேசி, இதில் பாதி அதில் பாதி எடுத்து ‘ஆஞ்சியோடென்சின்’ ஆக்கினார்கள். அறிவியல் உலகில் இவ்வளவு நாகரிகமாக முடிந்த பெயர்ச் சண்டை குறைவு என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையே 1950களில் லெனார்ட் ஸ்கெக்ஸ், இந்த ஆஞ்சியோடென்சின் இரண்டு வடிவில் இருப்பதைக் கண்டார். ரெனின் வெட்டித் தருவது பத்து அமினோ அமிலங்கள் கொண்ட முதல் வடிவம். இன்னொரு நொதி அதிலிருந்து இரண்டை நறுக்கி எட்டாக்குகிறது. அந்த எட்டு அமினோ அமிலச் சங்கிலிதான் ஆஞ்சியோடென்சின்-2. இது ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ரிசெப்டரில் (நம் பாடப்புத்தகத்தில் ‘ஏற்பி’) போய் உட்கார்ந்தால் குழாய் சுருங்கும். அட்ரீனல் சுரப்பியில் உட்கார்ந்தால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான், பி.பி. ஏறும்.

ஆக, இந்தத் தொடரை மூன்று இடத்தில் அறுக்கலாம். ரெனினை மடக்கலாம். இரண்டாவது நொதியை மடக்கலாம். அல்லது கடைசி வாசலில், ரிசெப்டரில், வேறு ஒருவரை உட்காரவைத்து ஹார்மோனை வெளியே நிறுத்தலாம். நடுவில் இருக்கும் நொதியை மடக்கும் கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தில் தொடங்கி 1981-ல் மாத்திரையாக வந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம். அருமையான மருந்துதான். ஆனால் அதே நொதி பிராடிகைனின் என்ற வேறொரு பொருளையும் சிதைக்கும் வேலை பார்க்கிறது. நொதியைக் கட்டிப்போட்டால் பிராடிகைனின் சேர்ந்துபோகிறது. சிலருக்கு விடாத வறட்டு இருமல் வருவது இதனால்தான்.

கடைசி வாசலில் தடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது. இது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. 1971-லேயே ஹார்மோனின் முதல் அமினோ அமிலத்தையும் எட்டாவது அமினோ அமிலத்தையும் மாற்றிப்போட்டு சாரலாசின் என்ற ஒன்றைச் செய்தார்கள். ரிசெப்டரில் உட்கார்ந்தது, தடுக்கவும் செய்தது. ஆனால் அதுவும் ஒரு அமினோ அமிலச் சங்கிலி. வாயில் போட்டால் வயிறு அதைச் சாப்பாட்டுப் புரதம் மாதிரி ஜீரணித்துவிடும். நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். போதாக்குறைக்கு, தடுக்க வந்த ஆசாமியே சில சமயம் ஹார்மோன் வேலையையும் லேசாகச் செய்து பி.பி.யை ஏற்றிவிடும். வருடக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டிய நோய்க்கு இது சரிப்படுமா? சங்கிலியாக இல்லாத, சின்னதான, வயிற்றைத் தாண்டக்கூடிய ஒரு மூலக்கூறு வேண்டும். அப்படி ஒன்று எப்படி இருக்கும் என்று எவருக்கும் தெரியாது.

இங்கேதான் இமிடசோல் வருகிறது.

இமிடசோல் என்பது ஐந்து அணு கொண்ட ஒரு வளையம். மூன்று கார்பன், இரண்டு நைட்ரஜன், நைட்ரஜன்களுக்கு நடுவே ஒரு கார்பன். 1858-லேயே ஹைன்ரிக் டெபுஸ் என்ற ஜெர்மானியர் கிளையாக்சால், ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா மூன்றையும் சேர்த்து இதைச் செய்துவிட்டார். நம் உடம்பிலும் உண்டு. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பக்கக்கிளை இமிடசோல் வளையம்தான். அந்த ஹிஸ்டிடின் ஆஞ்சியோடென்சின்-2-ல் ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆறாவது இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகாவில் டகேடா ஆய்வாளர்களான ஃபுருகாவா, கிஷிமோட்டோ, நிஷிகாவா ஆகிய மூவரும் 1970களில் இமிடசோல் வளையத்தில் அசெட்டிக் அமிலக் கிளை ஒட்டிய ஒரு வரிசைச் சேர்மங்களைச் செய்து பார்த்தார்கள். அவற்றில் சில ஆஞ்சியோடென்சின்-2 வேலையைத் தடுத்தன. சங்கிலி இல்லை, அமினோ அமிலம் இல்லை, சின்ன மூலக்கூறு. 1982-ல் இதற்கு இரண்டு அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன. காப்புரிமை வாங்கியாயிற்று, ஆனால் மருந்து வரவில்லை. காரணம், அவை ரொம்ப பலவீனம். ரிசெப்டரிலிருந்து ஹார்மோனில் பாதியை வெளியேற்ற எவ்வளவு செறிவு தேவை என்று ஒரு அளவு உண்டு. எண் குறையக் குறைய மருந்து வலுவானது. டகேடாவின் எஸ்-8308 என்ற சேர்மத்துக்கு அது சுமார் 15 மைக்ரோமோலார். மருந்தாக்க நினைப்பவர்கள் முகத்தைச் சுளிக்கும் எண் இது.

இப்போது காட்சி அமெரிக்காவுக்கு மாறுகிறது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் டூபாண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடம். நைலானும் டெஃப்லானும் கொடுத்த அதே டூபாண்ட்தான். மருந்துத் துறையில் அவர்கள் அப்போது பெரிய புள்ளி கிடையாது. 1982-ல் அங்கே ஆஞ்சியோடென்சின் தடுப்பான் தேடிக்கொண்டிருந்த குழுவில் ஆண்ட்ரூ சியு என்பவர் கண்ணில் டகேடாவின் காப்புரிமைகள் பட்டன. காப்புரிமை என்பது ஊருக்கே திறந்து வைத்த புத்தகம். ‘இதை இன்னார் கண்டுபிடித்தார், இப்படித்தான் செய்தார், இத்தனை வருடம் யாரும் தொடக்கூடாது’ என்று சொல்லும் பத்திரம். தொடக்கூடாதே தவிர படிக்கலாம். படித்துவிட்டு அடுத்த படி யோசிக்கலாம். அதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை.

டகேடாவின் மூலக்கூறுகளைத் தாங்களே செய்து, பாங்க்ராஸ் வாங், பீட்டர் டிம்மர்மன்ஸ் முதலானோர் சோதித்துப் பார்த்தார்கள். பலவீனம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது. அவை ஆஞ்சியோடென்சினை மட்டுமே தடுத்தன. ரத்தக்குழாயைச் சுருக்கும் மற்றப் பொருள்களைத் தொடவில்லை. சாரலாசின் மாதிரி எதிரிக்கு உதவவும் இல்லை. அதாவது சரியான வாசலில்தான் நிற்கிறார்கள், தெம்பில்லாமல் நிற்கிறார்கள். டகேடா தெம்பில்லாததைப் பார்த்தது, டூபாண்ட் வாசலைப் பார்த்தது என்று சொல்லலாம்.

தெம்பு ஏற்றுவது எப்படி? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ரிசெப்டர் எப்படி இருக்கும் என்று அன்று ஒருவரும் பார்த்ததில்லை. கையில் இருந்தது ஹார்மோனின் சங்கிலி கரைசலில் எப்படி மடங்கியிருக்கலாம் என்று சொல்லும் ஒரு உத்தேச மாதிரி மட்டுமே. ஜான் டன்சியா என்ற வேதியியலாளர் அந்த மாதிரியின் மேல் டகேடா மூலக்கூறைப் பொருத்திப் பார்த்தார். தையற்காரர் பழைய சட்டை மேல் துணியை விரித்து அளவு பார்ப்பாரே, அந்த மாதிரி. ஹார்மோனின் வால்முனையில் ஒரு அமிலம் இருக்கிறது, டகேடா மூலக்கூறிலும் ஒரு அமிலம் இருக்கிறது, இரண்டையும் பொருத்து. ஹார்மோனின் ஆறாவது இடத்தில் ஹிஸ்டிடினின் இமிடசோல் (ஞாபகம் இருக்கிறதா?), இங்கேயும் இமிடசோல், பொருத்து. ஐந்தாவது இடத்து ஐசோலூசினின் கொழுப்புக் கிளை, இங்கே நான்கு கார்பன் கொண்ட பியூட்டைல் வால், பொருத்து. மிச்சமிருப்பது பென்சைல் என்ற வளையக் கிளை. அது ஹார்மோனின் தலைமுனையை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது.

ஆஹா! மூலக்கூறு தப்பில்லை, நீளம் போதவில்லை. ஹார்மோனின் எடை சுமார் 1046, டகேடா மூலக்கூறின் எடை சுமார் 350. மூன்றில் ஒரு பங்கு ஆள். தலைமுனைப் பக்கம் ஹார்மோனில் இன்னும் சில அமிலக் குணமுள்ள குழுக்கள் இருக்கின்றன. அப்படியானால் பென்சைலின் நுனியில் ஒரு அமிலத்தை ஒட்டினால் பிடி இறுக வேண்டும்.

ஒட்டினார்கள். இஎக்ஸ்பி 6155 என்ற அந்தச் சேர்மத்தின் பிடி பத்து மடங்கு கூடியது. வெறும் யூகத்தில் வைத்த முதல் அடி சரியாக விழுந்தது. இன்னும் நீட்டலாம் என்று ஒரு அமைடு பாலம் போட்டு இன்னொரு பென்சீன் வளையம் சேர்த்தார்கள். அது இஎக்ஸ்பி 6803, இன்னொரு பத்து மடங்கு. ஆனால் இது ஊசியில்தான் வேலை செய்தது, வாய்வழி கொடுத்தால் பலன் இல்லை. மாத்திரை இல்லையென்றால் சாரலாசின் கதைதான் மறுபடியும்.

பிறகு அந்த அமைடு பாலத்தை எடுத்துவிட்டு, இரண்டு பென்சீன் வளையங்களையும் ஒற்றைப் பிணைப்பில் நேரடியாகக் கோத்தார்கள். பைபீனைல் என்று பெயர். இரண்டாவது வளையத்தில் அமிலம் பக்கத்து மூலையில் இருக்க வேண்டும், வேறு மூலைக்கு மாற்றினால் பிடி போய்விடும். இது இஎக்ஸ்பி 7711. பிடி ஒரு சுற்று தளர்ந்தாலும் வாய்வழியே வேலை செய்தது. கடைசி மாற்றம், கார்பாக்சிலிக் அமிலத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் டெட்ராசோல். ஒரு கார்பன், நான்கு நைட்ரஜன் கொண்ட வளையம் இது. அமிலத்தன்மை கார்பாக்சிலிக் அமிலம் அளவுதான், ஆனால் மின்சுமை ஒரே இடத்தில் குவியாமல் வளையம் முழுக்கப் பரவியிருக்கும், கொழுப்புப் படலங்களைத் தாண்டவும் தோதானது. விளைவு, 0.019 மைக்ரோமோலார். டகேடாவின் பதினைந்தோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு அளவில் முன்னேற்றம்! 1986-ல் இது கைக்கு வந்தது. டேவிட் காரினி, டன்சியா குழுவின் இந்தச் சேர்மத்துக்கு டூபாண்ட் வைத்த எண் டூப் 753. பெயர்தான் டூப், சரக்கு ஒரிஜினல். இதுவே லோசார்டான்.

இப்போது நான் சொன்ன கணக்கு. லோசார்டானில் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினால் 30 அணுக்கள்: 22 கார்பன், 6 நைட்ரஜன், ஒரு குளோரின், ஒரு ஆக்ஸிஜன். இவற்றில் இமிடசோல் வளையம், பியூட்டைல் வால், குளோரின், பென்சைல், வளையத்தில் ஒட்டிய இன்னொரு கார்பன் எல்லாம் டகேடா மூலக்கூறில் ஏற்கெனவே அதே இடத்தில் இருந்தவை. கூட்டினால் 18. முப்பதில் பதினெட்டு! டூபாண்ட் சேர்த்தது இரண்டாவது பென்சீன் வளையம், டெட்ராசோல், ஒரு ஆக்ஸிஜன், ஆக 12. அணுக்களை எண்ணிப் புகழைப் பங்கு போடுவது அபத்தம் என்று சண்டைக்கு வருவீர்கள். வரலாம். பின்னால் சேர்ந்த அந்தப் பன்னிரண்டுதான் ஆயிரம் மடங்கைக் கொடுத்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் லோசார்டான் கதையைச் சொல்லும்போது டகேடாவை ஒரு அடிக்குறிப்பில் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினெட்டு இல்லாமல் பன்னிரண்டை எங்கே ஒட்டியிருப்பார்கள்?

வேடிக்கை இன்னொன்று. டகேடா மூலக்கூறில் அமிலம் இருந்த கிளையில் டூபாண்ட் ஒரு ஆல்கஹாலை வைத்தது. மாத்திரையை விழுங்கியதும் நம் கல்லீரல், சுமார் ஏழில் ஒரு பங்கு லோசார்டானில், அந்த ஆல்கஹாலை ஆக்ஸிஜனேற்றம் செய்து திரும்ப அமிலமாக்கிவிடுகிறது. இஎக்ஸ்பி 3174 என்ற இந்த விளைபொருள் லோசார்டானைவிடப் பத்து முதல் நாற்பது மடங்கு வலுவானது, ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதும் இதுதான். ஒரு வேளை மாத்திரை ஒரு நாள் முழுக்கத் தாங்குவதில் பெரும் பங்கு இதற்கு. டகேடா அமிலம் வைத்த அதே ஓரத்துக்கு ஒரு அமிலத்தைக் கல்லீரல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

யோசிப்பது ஒன்று, கிலோ கணக்கில் செய்வது இன்னொன்று. லோசார்டானைச் செய்வதில் முதல் தலைவலி இமிடசோல்தான். ஆரம்ப வழியில் அந்த வளையத்தை டைஹைட்ராக்சி அசிட்டோனையும் ஒரு இமிடேட்டையும் திரவ அம்மோனியாவில் அழுத்தத்தில் வேகவைத்து உருவாக்கினார்கள். பிறகு குளோரின் ஏற்றினார்கள். வளையத்தில் இரண்டு நைட்ரஜன் உண்டு, அவற்றில் ஒன்றில் ஒரு ஹைட்ரஜன் இருக்கும். அந்த ஹைட்ரஜன் ஓரிடத்தில் நிற்காது. இந்த நைட்ரஜனிலிருந்து அதற்கும், அதிலிருந்து இதற்கும் தாவிக்கொண்டே இருக்கும். எனவே பைபீனைல் துண்டை ஒட்டப் போனால் அது இரண்டில் எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்று மருந்து, இன்னொன்று குப்பை. இரண்டும் கலந்து வரும், பிரித்தெடுக்க வேண்டும். ஆல்கஹாலுக்குப் பதில் ஆல்டிஹைடை வைத்து ஒட்டினால் பெரும்பாலும் சரியான நைட்ரஜனிலேயே ஒட்டுகிறது, அப்புறம் ஆல்டிஹைடைக் குறைத்து ஆல்கஹாலாக்கிக்கொள்ளலாம். பார்க்க ஒரு சின்ன தந்திரம். தொழிற்சாலையில் இந்த மாதிரி தந்திரம்தான் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது தலைவலி டெட்ராசோல். நான்கு நைட்ரஜனைக் கோக்க அசைடு வேண்டும். சோடியம் அசைடு கடும் விஷம், அமிலம் பட்டால் வெடிக்கக்கூடிய ஆவியைக் கிளப்பும். கொஞ்சம் சாந்தமாக வேலை செய்ய வெள்ளீயம் கலந்த அசைடுகளைப் பயன்படுத்தினார்கள், ஆனால் அந்த வெள்ளீயக் கழிவும் விஷம். டூபாண்டோடு கைகோத்த மெர்க் கம்பெனியின் வேதியியலாளர்கள் 1994-ல் வெளியிட்ட வழி அழகானது. டெட்ராசோலை முதலிலேயே ஒரு பென்சீன் வளையத்தில் செய்து, டிரைட்டில் என்ற பெரிய குழுவால் மூடிவைத்துவிடு. இமிடசோல் பாதியைத் தனியாகச் செய். கடைசியில் இரண்டு பாதியையும் பல்லேடியம் உதவியோடு சுசுகி வினையில் இணை. (இந்த வினைக்காக அகிரா சுசுகி 2010-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.) உத்தேசமாக ஜப்பான் இந்தக் கதையை விடுவதாக இல்லை.

மருந்து வெளிவந்த பிறகு என்ன ஆனது? முதலில் ஒரு உபரி லாபம் அறிவியலுக்கு. லோசார்டானை வைத்து ரிசெப்டரைச் சோதித்தபோது, ஆஞ்சியோடென்சினுக்கு ஒன்றல்ல, இரண்டு வகை ரிசெப்டர் இருப்பது 1989-ல் தெரிந்தது. பி.பி. ஏற்றும் வகைக்கு ஏடி-1 என்று பெயர், லோசார்டான் தடுப்பது அதை மட்டும். 2001-ல் வெளியான ரீனால் ஆய்வில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதான 1513 பேரில் லோசார்டான் சாப்பிட்டவர்களுக்கு டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. 2002-ல் வந்த லைஃப் ஆய்வில் 9193 பேர், அடெனோலால் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டால் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு. பி.பி. எண்ணைக் குறைப்பதற்கு அப்பாலும் இது பயன் தருகிறது என்று காட்டிய ஆய்வுகள் இவை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இது கூடவே கூடாது, வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

டகேடா? சும்மா இருக்கவில்லை. தான் கீழே வைத்ததை டூபாண்ட் எடுத்ததும் மறுபடி களத்தில் குதித்து, இமிடசோலோடு ஒரு பென்சீன் வளையம் ஒட்டிய பென்சிமிடசோலில் கேண்டெசார்டானைச் செய்தது. ரிசெப்டரை லோசார்டானைவிட இறுகப் பிடிக்கும் மருந்து அது. அதில் டூபாண்டின் பைபீனைல்-டெட்ராசோல் துண்டு அப்படியே இருக்கிறது! இந்த முறை கடன் வாங்கியது ஒசாகா.

இன்னொரு கம்பெனியான ஸ்மித்கிளைன் அதே டகேடா காப்புரிமையிலிருந்து கிளம்பி, மூலக்கூறை ஹார்மோன் மேல் வேறு விதமாகப் பொருத்தி, எதிர்ப்பக்கமாக, வால்முனையை நோக்கி நீட்டியது. அதிலிருந்து எப்ரோசார்டான் வந்தது, 1997-ல் அனுமதியும் பெற்றது. பைபீனைலும் இல்லை, டெட்ராசோலும் இல்லை, ஆனாலும் வேலை செய்கிறது. யூகம் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண், இரண்டிலிருந்தும் மருந்து. அப்படியானால் டன்சியாவின் பொருத்தம் ‘சரி’யா? 2015-ல்தான் ஏடி-1 ரிசெப்டரின் படிக அமைப்பு, மருந்து ஒன்று உள்ளே உட்கார்ந்த நிலையில், வெளிவந்தது. அதில் டெட்ராசோலை 167-ஆம் இடத்து ஆர்ஜினின் பிடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. லோசார்டான் பிறந்து 29 வருடம் கழித்து!

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1970-ஆம் வருட இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் தந்தது. 2005 வரை இதுதான் நிலைமை. எனவே அமெரிக்காவில் 2010-ல் காப்புரிமை முடிவதற்கு வெகுமுன்பே இந்தியக் கம்பெனிகள் வேறு வழிகளில் லோசார்டான் செய்து உள்ளூரில் மலிவாக விற்றன. செய்முறை வேதியியல் தெரிந்த நாடாக நாம் ஆனதற்கு இந்த மாதிரி மருந்துகள் ஒரு காரணம்.

செய்முறையை மாற்றிக்கொண்டே போனதற்கு ஒரு விலையும் இருந்தது. வெள்ளீயம் வேண்டாம், விளைச்சல் அதிகம் வேண்டும் என்று சீனத் தொழிற்சாலை ஒன்று 2012-ல் வால்சார்டான் செய்முறையை மாற்றியது. மிச்சமான அசைடை அழிக்க சோடியம் நைட்ரைட் போட்டார்கள். கரைப்பானிலிருந்து வந்த ஒரு அமீனோடு அது சேர்ந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் நைட்ரோசமீன் உண்டானது. ஆறு வருடம் யாரும் தேடவில்லை, தேடாததால் கிடைக்கவும் இல்லை. தூய்மைச் சோதனைகள் எதிர்பார்த்த அசுத்தங்களைத்தான் எண்ணின. 2018 ஜூலையில் விஷயம் வெளியே வந்து உலகெங்கும் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2019-ல் அதே குடும்பத்து வேறொரு நைட்ரோசமீன் லோசார்டானிலும், இந்தியாவில் செய்த சில தொகுதிகள் உட்பட, அகப்பட்டது.

அப்போது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எடுத்த முடிவு எனக்கு அந்த டெட்ராசோலைவிட சுவாரஸ்யம். எல்லாவற்றையும் திரும்பப் பெற்றால் கடைகளில் மருந்தே இருக்காது. மருந்தை நிறுத்தினால் பக்கவாதம் இன்றைக்கே வரலாம், அந்த அசுத்தத்தின் தீங்கோ பல வருடம் சாப்பிட்டால் கூடும் மிகச் சிறிய அபாயம். எனவே வழக்கமான வரம்பு பத்து லட்சத்தில் 0.96 பங்கு என்றிருந்ததை, சுத்தமான சரக்கு வரும்வரை 9.82 வரை இருந்தாலும் தடுக்க மாட்டோம் என்று 2019 மார்ச்சில் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மருத்துவர் மாற்று மருந்து தரும்வரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2021-ல் கனடாவில் மறுபடி ஒரு சுற்று. இந்த முறை நைட்ரோசமீன் அல்ல, மாத்திரையில் தங்கிவிட்ட ஒரு அசைடு அசுத்தம். லோசார்டான், வால்சார்டான், இர்பெசார்டான் மூன்றிலும் சில தொகுதிகள் திரும்பின. மூன்றிலும் பொதுவாக இருப்பது 1986-ல் வில்மிங்டனில் ஒட்டிய அந்த டெட்ராசோல்.